லிஃப்ட் போட்ட ஜிம்னியில் ஸ்டியரிங் ஆடுகிறதா, டயர் உரசுகிறதா? எங்கே தொடங்குவது

என் மாருதி ஜிம்னிக்கு, வண்டியை உயர்த்தும் இரண்டு அங்குல லிஃப்ட் கிட்டும் 215/75 ஆர்15 டயரும் போட்ட அடுத்த வாரம், கோயம்புத்தூரில் இருந்து சேலம் போகும்போது பெருந்துறை தாண்டி ஒரு பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான், ஸ்டியரிங் இரண்டு கைக்குள்ளும் இடம் வலமாக வெட்ட ஆரம்பித்தது, முன்பக்கம் மொத்தமும் கழன்று போகிற மாதிரி உலுக்கியது. வேகம் எண்பதுதான் இருக்கும். பின்னால் ஒரு லாரி. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, முப்பதுக்குக் கீழே வந்த பிறகுதான் அடங்கியது.

இதைத்தான் ஆஃப்ரோடு ஆட்கள் டெத் வாபிள் என்கிறார்கள். முன்னும் பின்னும் முழு ஆக்சில் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு) உள்ள வண்டிகளில், அதாவது ஜிம்னி, ஜிப்ஸி, ஜீப் ராங்ளர் மாதிரி வண்டிகளில் வருவது. உங்களுக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். அதன் பிறகு நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டாதீர்கள், காரணம் கண்டுபிடிக்கும் வரை.

அந்தக் காரணத்தைத் தேட எனக்கு இரண்டு மாதமும் நிறைய பணமும் ஆனது. மூன்று முறை வீல் அலைன்மெண்ட் செய்தேன், ஒரு கடையில் தடிமனான ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் ஷாக்) ஒன்றைப் போட்டு "இனி ஆடாது" என்றார்கள், இரண்டு வாரம் ஆடவில்லை, அப்புறம் முன்பை விட மோசமாக ஆடியது. கடைசியில் பார்த்தால் லிஃப்ட் போட்ட அன்றே நடந்த தவறு. அதனால்தான் என்ன செய்ய வேண்டும் என்பதை விட எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்லப் போகிறேன்.

உயர்த்தும்போது உள்ளே என்ன நடக்கிறது

ஜிம்னியின் முன் ஆக்சிலை இரண்டு நீள ஆர்ம்கள், அதாவது இரும்புக் கைகள், வண்டியின் அடிச்சட்டமான சேஸியோடு பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு ஆர்மும் ஆக்சிலில் இரண்டு புஷ் (இரும்புக் குழாயைச் சுற்றிய ரப்பர்) வழியாகவும், அதற்குப் பின்னால் சேஸியில் ஒரு புஷ் வழியாகவும் கோர்க்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸி மேலே போகிறது, ஆர்மின் பின் முனையும் அதோடு மேலே போகிறது, ஆனால் முன் முனை ஆக்சிலோடு கெட்டியாகப் பிடித்திருப்பதால் ஆக்சிலே மூக்கைக் கீழே சாய்த்தபடி சுழன்றுவிடுகிறது. சக்கரம் திரும்பும் அச்சு, அதாவது கிங்பின் கோடு, பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டியது நிமிர்ந்துவிடுகிறது. இந்தச் சாய்வுக்குப் பெயர்தான் காஸ்டர்.

சைக்கிளில் கையை விட்டு ஓட்டியவர்களுக்கு இது தெரியும். முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தான் சைக்கிள் தானாக நேரே போகிறது. அந்தச் சாய்வை எடுத்துவிட்டால் ஹேண்டில்பார் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். காரிலும் அதேதான்: காஸ்டர் குறைந்தால் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நேர்ச்சாலையில் வண்டி அங்கும் இங்கும் அலையும், சின்னப் பள்ளத்துக்கும் சக்கரம் திசை மாறும்.

எவ்வளவு குறைந்திருக்கும் என்று காகிதத்திலேயே கணக்குப் போடலாம். ஆக்சில் மையத்தில் இருந்து சேஸி புஷ் மையம் வரை டேப் வைத்து அளங்கள். உயர்த்திய அளவை அந்த நீளத்தால் வகுத்து 57-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட எத்தனை டிகிரி போனது என்று வரும். நீளம் 700 மி.மீ., உயர்வு 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நான்கு டிகிரி. நேரே ஓடுவதற்குக் கம்பெனி வைத்த சாய்வே சில டிகிரிதான் என்பதால் இது பெரிய இழப்பு.

இரண்டாவது மாற்றம் பக்கவாட்டில். ஆக்சில் இடம் வலமாக நகராமல் இருக்க சேஸியின் ஒரு பக்கத்தில் இருந்து ஆக்சிலின் மறுபக்கத்துக்கு ஒரு கம்பி போகும். மெக்கானிக்குகள் லேட்டரல் ராட் என்பார்கள், பேன்ஹார்ட் ராட் என்பதும் அதுவே. சேஸி உயரும்போது கம்பியின் சாய்வு கூடும், கம்பியின் நீளமோ மாறாது, அதனால் ஆக்சில் ஒரு பக்கமாக இழுபடும். சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடப் போகலாம். ஸ்டியரிங் பாக்ஸில் இருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்குக்கும் இதே கதை, அதனால்தான் லிஃப்ட் போட்டவுடன் ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கிறது.

ஆக்சில் சுழல்கிறது, ஆக்சில் நகர்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் டேம்பர் மாற்றுவதும் டயர் மாற்றுவதும் காசைக் கரியாக்கும் வேலை.

மஹிந்திரா தார் 2020 மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே உயர்த்தினால் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) டோவும் (இரண்டு சக்கரமும் முன்னால் நெருங்கியோ விலகியோ நிற்கும் அளவு) மாறும், சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்டின் சிவி ஜாயிண்ட் அதிகக் கோணத்தில் வேலை செய்யும். நல்ல அலைன்மெண்ட் கடையில் முழுதாகச் செய்வதுதான் வழி. டயர் பற்றிக் கீழே சொல்வது எல்லோருக்கும் பொருந்தும்.

முதலில் டயர், ஏனென்றால் காசு செலவில்லை

புது டயர் போட்ட கடையில் பெரும்பாலும் 35, சில சமயம் 40 பி.எஸ்.ஐ. காற்று அடித்து அனுப்பிவிடுவார்கள். ஜிம்னி இலகுவான வண்டி, ஏறத்தாழ 1,200 கிலோதான். கனமான சைடுவால் உள்ள டயரில் அவ்வளவு காற்று இருந்தால் நடுப்பட்டை மட்டும் தரையில் படும், வண்டி சாலையில் மிதக்கிற மாதிரி இருக்கும். நிறைய பேர் இதை ஸ்டியரிங் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சாக்பீஸ் வைத்துப் பாருங்கள். டயரின் குறுக்கே, ஓரத்தில் இருந்து ஓரம் வரை தடிமனாக ஒரு கோடு போட்டு, சமமான தார்ச்சாலையில் நூறு இருநூறு மீட்டர் நேராக ஓட்டி இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவில் தொடங்கி இரண்டு பி.எஸ்.ஐ. வீதம் ஏற்றி, கோடு முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி அழிகிற அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளந்த அளவுதான் கணக்கு. சுமை ஏற்றிப் போனால் மறுபடி பாருங்கள்.

அடுத்தது பேலன்ஸ், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும், உதாரணமாக எழுபதில் தொடங்கி எண்பத்தைந்தில் மறைகிற அதிர்வு என்றால் அது பேலன்ஸாகத்தான் இருக்கும். ஆனால் கடைக்கு ஓடும் முன் ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். கொழுக்குமலை மாதிரி இடத்துக்குப் போய் வந்தால் சேறு ரிம்முக்குள் ஒரு பக்கமாகக் காய்ந்து அப்பிக்கொள்ளும், ஒரு கைப்பிடி மண் போதும் ஸ்டியரிங் நடுங்க. தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதி பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கழுவியும் போகவில்லை, பேலன்ஸ் செய்தும் போகவில்லை என்றால் டயர் வட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் மேற்பரப்புக்கு ஒட்டினாற்போல் ஒரு குச்சியை நிலையாக வைத்து, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி ஓரிடத்தில் குறைந்து ஓரிடத்தில் கூடினால் டயர் வட்டமாக இல்லை, அல்லது ரிம் வளைந்திருக்கிறது. சைடுவாலில் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பழைய ஸ்டாக்கைப் புதிது என்று விற்பது நடக்கிறது.

ஒரு பக்கம் இழுக்கிறதா? முன் இரண்டு சக்கரத்தையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டுங்கள் (ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டிய அம்புக்குறி டயர் என்றால் இந்தச் சோதனைக்கு மட்டும், அதுவும் மெதுவாக). இழுப்பு மறுபக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறவில்லை என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், சக்கரத்தின் நடுப்பகுதி ஒன்றில் மட்டும் சூடு அதிகமாக இருக்கும்.

பிறகு ஆட்டம் பார்ப்பது

இதற்கு இன்னொருவர் வேண்டும். வண்டி தரையில், எடை சக்கரத்தின் மேல், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டையும் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தாமல் ஆட்ட வேண்டும். நீங்கள் முன்னால் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள்: பிட்மேன் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸில் இருந்து வரும் கை), டிராக் லிங்க்கின் இரண்டு முனை, டை ராட் (இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) எண்டுகள், லேட்டரல் ராடின் இரண்டு முனை, ஸ்டியரிங் பாக்ஸ் சேஸியில் பிடித்திருக்கும் போல்ட். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும், மூட்டின் குறுக்கே விரலை வைத்தால் டொக்கென்று தட்டுவது புரியும்.

லேட்டரல் ராடை மூன்று மடங்கு நேரம் பாருங்கள். என் வண்டியில் குற்றம் அங்கேதான் இருந்தது. லிஃப்ட் போட்டவர் வண்டியைக் கடையின் ஹாய்ஸ்ட்டில் தூக்கி வைத்து, ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டார். ரப்பர் புஷ்ஷின் நடுக்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், அதன் பிறகு அசைவு எல்லாம் ரப்பர் முறுக்குவதில்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். எனக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்குள் கிழிந்துவிட்டது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரி, உள்ளே ரப்பர் குழாயை விட்டுவிட்டது.

ஆகவே, ஆர்ம், லேட்டரல் ராட், ஷாக் என ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும் வண்டி நான்கு சக்கரத்தில் நின்று, இரண்டு முறை அமுக்கி விட்ட பிறகுதான் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கம் இறுக்க வேண்டும். உங்கள் லிஃப்ட் எப்படிப் போட்டார்கள் என்று தெரியவில்லையா? எல்லாவற்றையும் தரையில் வைத்துத் தளர்த்தி, ஆட்டி, மறுபடி இறுக்குங்கள். அரை நாள் வேலை, ஆனால் இதிலேயே பலருக்கு ஸ்டியரிங் மாறிப்போகும்.

அடுத்து சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும், அதாவது கடிகாரத்தில் 12-உம் 6-உம் இருக்கும் இடத்தில், பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங்பின். ஜிம்னி, ஜிப்ஸி இரண்டிலும் கிங்பின் பேரிங் தண்ணீரும் சேறும் புகுந்து கெடுவது சகஜம், டெத் வாபிளுக்கு அடிக்கடி சொல்லப்படும் காரணமும் அதுதான். ஆட்டம் இல்லாவிட்டாலும் பேரிங்கின் இறுக்கம் குறைந்திருக்கலாம்: டை ராடையும் டிராக் லிங்க்கையும் கழற்றிவிட்டு, சக்கரம் திரும்பும் பகுதியை வில் தராசு கொண்டு இழுத்து, நகர ஆரம்பிக்கும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். விரலால் தள்ளினால் சர்ரென்று சுற்றினால் பேரிங்கைக் கவனிக்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங் பாக்ஸின் மேல் ஒரு ஸ்குரூ இருக்கும், ஆட்டம் இருக்கிறது என்றதும் சிலர் அதை அரைச் சுற்று இறுக்கிவிடுவார்கள். ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் நடுவில் ஸ்டியரிங் இறுகிப் பிடிக்கும், வளைவில் திரும்பி வராது, பாக்ஸின் பற்கள் தேயும். மற்ற எல்லா மூட்டையும் பார்த்து முடிக்கும் வரை அந்த ஸ்குரூவைத் தொடவே வேண்டாம்.

ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவருவது

சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் ஃபெண்டரின் நடுவில் இருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளங்கள். ஃபெண்டரை நம்ப முடியாவிட்டால் சேஸியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்ள துளையில் இருந்து அளக்கலாம். வலது 42, இடது 30 என்றால் ஆக்சில் 6 மி.மீ. நகர்ந்திருக்கிறது, வித்தியாசத்தில் பாதிதான் நகர்வு. பின்பக்கமும் அப்படியே. ஐந்து மில்லிமீட்டருக்குள் என்றால் நான் விட்டுவிடுவேன். அதற்கு மேல் என்றால் நீளம் மாற்றக்கூடிய லேட்டரல் ராட் போட்டு நடுவுக்குக் கொண்டுவரலாம்.

லேட்டரல் ராடின் முனையை பிராக்கெட் வைத்துக் கீழிறக்குவதும் ஒரு வழி. ஆனால் முன்பக்கத்தில் இதைச் செய்யும்போது முன்னால் நின்று பாருங்கள்: லேட்டரல் ராடும் டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாக ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி இணை கெட்டால், சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் இரண்டும் வேறு வேறு வட்டத்தில் போகும், நீங்கள் கையை அசைக்காமலே வண்டி திரும்பும். அதைத்தான் பம்ப் ஸ்டியர் என்கிறார்கள். எது செய்தாலும் அந்த இரண்டு கம்பியையும் ஜோடியாகவே நினையுங்கள்.

காஸ்டரைத் திருப்பி எடுப்பது

மூன்று வழி உண்டு. மலிவானது, ஆக்சில் பக்கத்து ஆர்ம் புஷ்களை எடுத்துவிட்டு, துளை மையத்தில் இல்லாமல் தள்ளி இருக்கும் புஷ்களைப் போடுவது. இரண்டு மூன்று டிகிரி திரும்பக் கிடைக்கும். ஆனால் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றும்போது துளை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் தவறினால் இருக்கிற காஸ்டரும் போய்விடும், அந்தத் தவறு நிறைய நடக்கிறது. அழுத்தும் முன் பெயிண்ட்டால் அம்புக்குறி போட்டு, நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். முன் புஷ்ஷில் ஒரு திசை, பின் புஷ்ஷில் எதிர்த் திசை, ஆக்சிலின் மூக்கு மேலே வருவது மாதிரி.

இரண்டாவது, ஆர்மின் சேஸி முனையைக் கீழிறக்கும் பிராக்கெட். சாலையில் நன்றாக ஓடும், ஆனால் பாறையில் முதலில் மோதுவதும் அதுதான். மூன்றாவது, சாய்வு திருத்தி வளைத்த முழு ஆர்ம். விலை அதிகம். என் கருத்தைக் கேட்டால், 40 மி.மீ. வரை புஷ் போதும், 50-க்குப் போனால் ஆர்மே வாங்கிவிடுங்கள், அந்தப் பணம் இல்லை என்றால் உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது 40-இல்தான் இருக்கிறேன், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அதோடுதான் ஏறினேன், ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருகிறது.

காஸ்டரைத் திருத்தினால் ஆக்சிலின் பின்னால் இருக்கும் பினியன் மூக்கு கீழே சாயும், அதற்கு எஞ்சின் சுழற்சியைக் கொண்டுவரும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டுக் கோணம் கூடும். ஆகவே இழந்ததை முழுதாகத் திரும்ப எடுக்கத் தேவையில்லை. ஜிம்னியில் டூ ஹெச்-இல் (பின்சக்கரம் மட்டும் இயங்க) ஓட்டும்போது முன் ஹப் விடுபட்டிருப்பதால் ஒன்றும் தெரியாது, ஃபோர் ஹெச் (நான்கு சக்கரமும்) போட்டால் மட்டும் அதிர்வும் உறுமலும் வந்தால் இந்தக் கோணம்தான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஜிப்ஸியில் பட்டை ஸ்பிரிங் என்பதால் கதை வேறு. அங்கே நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைச் சேஸியோடு இணைக்கும் தகடு) போட்டு முன்பக்கத்தை உயர்த்துவதுதான் காஸ்டரைக் கெடுக்கிறது. ஸ்பிரிங்குக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவே ஆப்பு மாதிரி சாய்ந்த இரும்புத் தகடு வைத்துத் திருத்துவார்கள். அலுமினியத் தகடு நசுங்கும், இரும்பே வாங்குங்கள், தடித்த பக்கம் எது முன்னால் என்று பார்த்து வையுங்கள்.

டோ, அதன் பிறகு ஸ்டியரிங் வீல்

முழு ஆக்சில் வண்டியில் உயர்த்துவதால் மட்டும் டோ பெரிதாக மாறாது, ஆனால் பெரிய டயரும் காஸ்டர் மாற்றமும் வந்த பிறகு ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். வீட்டிலேயே அளக்கலாம்: முன் டயர் இரண்டிலும் நடுக்கட்டையில் ஒரு கோடு போட்டு, ஹப் உயரத்தில் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு அளந்து, வண்டியை அரைச் சுற்று முன்னால் உருட்டி அதே கோடுகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளங்கள். முன்பக்க அளவு 1 முதல் 3 மி.மீ. குறைவாக இருந்தால் பெரும்பாலும் சரி, உங்கள் மாடலுக்கு மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை. முன்பக்க அளவு கூடுதலாக இருந்தால் டோ-அவுட், வண்டி அலையும். டயரில் கையைக் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் அது ஷாக் அல்லது பேலன்ஸ்.

கடையில் செய்வதென்றால், "டோ மட்டும் வேண்டாம், காஸ்டர் எண்ணும் பிரிண்ட்டில் வேண்டும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். திருத்த முடியாது என்பார்கள், உண்மைதான், மெஷினில் திருத்த முடியாது, ஆனால் அளந்து சொல்ல முடியும். எனக்கு மூன்று கடையிலும் டோவைத்தான் திரும்பத் திரும்ப வைத்துக் கொடுத்தார்கள், காஸ்டர் என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கத் தெரியாமல் நின்றேன்.

ஸ்டியரிங் வீல் கோணல் கடைசியில்தான். டிராக் லிங்க்கின் லாக் நட்டைத் தளர்த்தி, நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஓட்டிப் பார்த்து, நேராக வந்ததும் இறுக்குங்கள். ஸ்டியரிங் வீலையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவது சுலபம்தான், ஆனால் செய்யக் கூடாது. ஸ்டியரிங் பாக்ஸ் நடுவில் இருக்கும்போதுதான் ஆட்டம் குறைவாக இருக்கும்படி செய்யப்பட்டது, வீலை மட்டும் நேராக்கினால் பாக்ஸ் கோணலிலேயே வேலை செய்யும். தவிர, ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்க்கும் சென்சார் ஒன்று இருக்கிறது, வண்டி நேரே போகிறது ஆனால் ஸ்டியரிங் திரும்பியிருக்கிறது என்று அது நினைத்தால் வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் இ.எஸ்.பி.யின் விளக்கு எரியும், சில நேரம் தேவையில்லாமல் ஒரு சக்கரத்தில் பிரேக் பிடிக்கும்.

டேம்பர் இதற்கெல்லாம் பிறகு. கம்பெனி டேம்பர் எண்ணெய் கசிந்திருந்தால் மாற்றுங்கள். கசியவில்லை என்றால் மேலே சொன்னது எல்லாம் சரியாக இருக்கும் வண்டிக்கு அதுவே போதும். தடித்த டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், அதற்குள் மூட்டுகள் தேய்ந்துகொண்டே போகும். எனக்கு நடந்தது அதுதான்.

டயர் உரசுவது

ஜிம்னியின் கம்பெனி அளவு 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 என்றால் 703 மி.மீ., பத்து மில்லிமீட்டர்தான் அதிகம், லிஃப்ட் இல்லாமலே பெரும்பாலும் உட்காரும். 235/75 ஆர்15 போனால் 733 மி.மீ., கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டரில் 80 காட்டும்போது முன்பு போனதை விட ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போவீர்கள், ஏற்றத்தில் ஒரு கியர் குறைக்க வேண்டி வரும்.

லிஃப்ட் போட்டால் பெரிய டயர் உரசாது என்று நினைப்பது தவறு. நிற்கும்போது இடம் தெரியும், ஆனால் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது டயர் பழைய இடத்துக்கே வந்து நிற்கும், ஏனென்றால் ஆக்சில் மேலே வருவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் பழைய உயரத்திலேயே இருக்கிறது. பெரிய டயருக்கு ஏற்ப பம்ப் ஸ்டாப்பை நீட்டுவதுதான் முறை. சோதித்துப் பார்க்க, இடது முன் சக்கரத்தையும் வலது பின் சக்கரத்தையும் உறுதியான ராம்ப்பில் ஏற்றி (செங்கல் அடுக்கி ஏற்றாதீர்கள்), ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, எங்கே தொடுகிறது என்று பாருங்கள். அப்புறம் எதிர் மூலைகளை மாற்றிச் செய்யுங்கள். தொங்கும் சக்கரத்தில் பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் விறைத்து இழுபடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

முழுதாகத் திருப்பும்போது டயரின் உள்பக்கம் ஆர்மில் தொட்டால், சக்கரத்தோடு திரும்பும் நக்கிளில் உள்ள ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டை இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் வெளியே எடுங்கள். வண்டி திரும்ப இடம் சற்று அதிகம் கேட்கும், பரவாயில்லை. பம்பர் மூலையில் தொட்டால் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வளைக்கலாம் அல்லது வெட்டலாம்.

இதற்குப் பதில் வெளியே தள்ளிய ரிம் போடுவது பலர் செய்வது. கம்பெனி ரிம்மின் ஆஃப்செட், அதாவது ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுவில் இருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் என்பது, பிளஸ் 5. மைனஸ் 20 ரிம் போட்டால் ஒவ்வொரு சக்கரமும் 25 மி.மீ. வெளியே வரும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சக்கரம் திரும்பும் அச்சுக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் கூடுவதால் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கில் உதைக்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும், பம்பர் மூலையில் உரசல் இன்னும் அதிகமாகும். ஆர்மில் உரசுவதைத் தவிர்க்கப் பத்து மில்லிமீட்டர் போதுமானது, அதற்கு மேல் எனக்குப் பிடிக்கவில்லை. ரிம்மின் நடுத்துளை ஹப்பில் சரியாக உட்காருகிறதா என்பதையும் பாருங்கள், ஜிம்னிக்கு 108 மி.மீ. வேண்டும். துளை பெரிதாக இருந்தால் வளையம் போடாமல் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் அதிர்வு போகாது.

ஸ்பேர் டயரும் அதே அளவில் இருக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்து ஃபோர் ஹெச் போட்டால் கியர்கள் ஒன்றை ஒன்று முறுக்கும். ஐந்து டயரையும் சுழற்சியில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றினால் எல்லாம் ஒரே மாதிரி தேயும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களில் இருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் காப்பீட்டில் கேள்வி வரும். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு உடனே நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். ஆளில்லாத நேர்ச்சாலையில் 40, 60, 80 என்று படிப்படியாகப் போய், ஒவ்வொன்றிலும் வேகத்தடையின் ஓரம் போல ஒரு சின்ன மேட்டில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஸ்டியரிங் ஒரு முறை அசைந்து அடங்க வேண்டும், இரண்டாவது முறை அசைந்தால் திரும்பி வந்து மூட்டுகளை மறுபடி பாருங்கள். நூறு கிலோமீட்டரில் வீல் நட், லேட்டரல் ராட், ஆர்ம் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு சுற்று, ஐந்நூறில் இன்னொரு சுற்று. எனக்கு நூறாவது கிலோமீட்டரில் லேட்டரல் ராடின் சேஸி பக்கத்து போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது. ஐந்நூறில் எதுவும் அசையவில்லை. இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், இப்போது குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.